ஒட்டாத கன்று

யாம்னா பாளையைப் பிளந்ததும் வெள்ளை மகரந்த மாவு அவள் மூஞ்சியில் கொட்டியது. பெண் பேரீச்சையின் பாளையில் மாவு ஏது?

"பொண்ணு பாக்க வந்தா இங்க மாப்பிள்ளை உக்காந்திருக்கான்டீ!" என்று கத்தியவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். ஆண் பூங்கொத்தைத் துணியில் முடிந்துகொண்டு, பெண் பாளைக்குள் கட்டிவிட வந்திருந்தாள் பாவம். தோட்டத்தில் நின்றவர்கள் எல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அவரவர் மரத்தைப் போய்ப் பிளந்து பார்த்த பிறகு ஒருவர் வாயிலும் சிரிப்பில்லை. அத்தனையும் ஆண். ஊருக்கு ஓரிரண்டு ஆண் மரம் இருந்தால் போதும். ஊரே ஆணாக இருந்தால் என்னத்தைத் தின்பது?

ஸிஸ் ஆற்றோரத்தில் பயூத் என்ற நோய் மட்டையை வெளுக்க வைத்துக் கொன்ற மரங்களின் குழியில் சில வருஷங்களுக்கு முன் இவற்றை வைத்திருந்தார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்துக் குடுவைகளில் பிறந்த கன்றுகள். ஹம்மு அண்ணனின் மரம்தான் தாய் என்று சொல்லிக் கொடுத்தோம். சுற்றிலும் எல்லாம் செத்தபோது சாகாமல் நின்ற ஒரே மரம் அது. பழமும் தேன் மாதிரி இருக்கும். அதன் பக்கக் கன்றின் குருத்தைச் சீவிக் குடுவையில் வளர்த்தால், வருகிற ஆயிரமும் தாயின் அச்சு அசலாக இருக்கும். பக்கக் கன்றாக இருந்தால்தான்.

"ஹம்மு வேணும்னே ஆண் கன்னக் குடுத்திருக்கான். அந்தப் பழம் அவன் ஒருத்தன்கிட்ட மட்டும் இருக்கணுமாம்" என்று யாரோ ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே அதைத்தான் பேசியது. எங்கள் இயக்குநரும் தொலைபேசியில், "குடுத்தவர் தப்பான கன்னக் குடுத்துட்டார், நாம என்ன பண்றது, இத்தோ?" என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார். நான் "உம்" கொட்டினேன். இந்த வாய்க்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது, ஆனால் அன்றைக்கு உம் கொட்டத்தான் தெரிந்தது.

ஏனென்றால் கன்றைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

"உனக்குப் பிடிச்சத எடுத்துக்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஹம்மு அண்ணன் தேநீர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். இரண்டு கன்றுகளை உளியால் வெட்டித்தான் பிரித்தேன். பக்கக் கன்று தாயோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், வெட்டாமல் வராது. மூன்றாவது, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பியதும் கையோடு வந்துவிட்டது. அடியில் வெட்டுக்காயமே இல்லை. விழுந்த பழத்தின் கொட்டை மரத்தடியிலேயே முளைத்து, கன்று போல நின்றிருக்கிறது. கொட்டையில் முளைப்பது ஆணாகவும் இருக்கும், பெண்ணாகவும் இருக்கும். என் கண்ணில் அது படாமல் இல்லை. வண்டிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். சனியன், போகட்டும் என்று சாக்கில் போட்டேன். ஆய்வுக்கூடத்தில் முதல் இரண்டும் பூசணம் பிடித்து அழுகிப்போயின. மூன்றாவது மட்டும் தழைத்தது, ஊருக்குக் கொடுத்த அத்தனை கன்றும் அதிலிருந்தே வந்தன. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஊர் கூடியது. ஹம்மு அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் தோட்டத்துல இருந்து போன கன்னு. தப்பு என்னோடதுதான். இந்தக் கோடை முழுக்க என் தண்ணி முறைய நீங்க எடுத்துக்கங்க" என்றார்.

வாய்க்கால் தண்ணீர் இல்லாமல் அந்த மணலில் எந்த மரம் கோடையைத் தாண்டும்? பயூத்துக்குத் தப்பிய ஒற்றை மரம் அது. மறுபடி கன்று எடுக்க வேண்டுமானாலும் அதிலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

எழுந்து நின்றேன். "அவர் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பான கன்ன எடுத்தது நான். வெட்டாமலே கையோட வந்துச்சு. தெரிஞ்சேதான் சாக்குல போட்டேன்" என்றேன்.

யாம்னா சிரித்தாள். "அடிப் போடி! ரபாத்துல போய்ப் படிச்சவ நீ. கொட்டையில முளைச்சதுக்கும் கன்னுக்கும் வித்தியாசம் என் வீட்டு ஆட்டுக்குக்கூடத் தெரியும், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னுதானே சொல்றேன்!"

"அந்த வீட்டு உப்பத் தின்னவ, அதான் பேசுறா" என்றார் ஒரு பெரியவர். "நல்ல மனசும்மா உனக்கு. ஆனா நடுவுல வராத."

"அந்தச் சாக்கை வண்டில ஏத்தினதே நான்தான்" என்றார் ஹம்மு அண்ணன். "என் மரத்தோட கன்னு எனக்கே தெரியலேன்னா நான் என்னத்துக்கு விவசாயி? நீ உக்காரு தங்கச்சி."

மறுபடி சொன்னேன். கத்தினேன். அழுதும் பார்த்தேன். அழ அழ என்னை இன்னும் நல்லவளாக்கினார்கள். யாம்னா வந்து என் தலையில் முத்தமிட்டாள். அவள் என்னை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டி வரைக்கும் ஹம்மு அண்ணன் கூடவே வந்தார். ஒரு கூடைப் பழத்தை என் கையில் திணித்தார்.

"ஊர் முன்னாடி என் பழிய உன் தலையில போட்டுக்கிட்டியே. கூடப் பொறந்தவகூட எனக்காக இப்படிப் பொய் சொல்லமாட்டா."

"அண்ணே, சத்தியமா அது பொய் இல்லண்ணே."

"சரி சரி, நேரமாச்சு. பத்திரமாப் போ" என்று என் தோளைத் தட்டினார்.

அன்றைக்கு அவருடைய தண்ணீர் முறை. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவர் மண்வெட்டியை எடுத்து யாம்னாவின் குதிரைமசால் தீவன வயலுக்கு மடையைத் திறந்தார். பிறகு தன் மரத்துக்குப் போகும் மடையில் மண்ணை வெட்டிப் போட்டு, காலால் மிதித்து அடைத்தார்.