முள் இல்லாத செடி

கிளையை வளைத்து, இலைக்காம்பு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். வழவழப்பாக இருந்தது. அடுத்த கணுவும் அப்படியே. மறுபக்கம் வந்து அடித்தண்டு வரை குனிந்து பார்த்தாள். ஒரு முள்கூட இல்லை.

"என்ன விஞ்ஞானி, வந்ததும் வராததுமா செடிகிட்ட குசலம் விசாரிக்கிற? அண்ணி ஒருத்தி இங்க நிக்கறது கண்ணுல படலையா?"

சமையலறை ஜன்னலில் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வாடகை வீட்டுக்கு அண்ணனும் அண்ணியும் குடிவந்தபோதே சுவரோரம் செடி நின்றது. பூத்ததும் அண்ணி படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டு, 'நம்ம தாவரவியல் மேடம் சொல்லட்டும்' என்று எழுதினாள். வெள்ளைப் பூங்கொத்து, எதிரெதிரே தடித்த இலை, கிள்ளினால் பால். களா என்று இவள் பதில் போட்டாள். சித்தப்பா கைதட்டும் பொம்மைகளாக அனுப்பினார். முள் இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது. அத்தனை கைதட்டலுக்கு மேல் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

களாவுக்கு முள் உண்டு. அதே குடும்பத்தில், அதே போலப் பூத்து, அதே போலக் கறுப்பாகப் பழுக்கும் இன்னொன்றுக்குக் கிடையாது. அதன் கட்டையைக் காய்ச்சி, இறுக்கி, அம்பு நுனியில் நஞ்சாகத் தடவுவார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். நன்றாகக் கனிந்த பழத்தைத் தின்பவர்கள் உண்டு என்று பேராசிரியர் சொன்னார். காயைத் தின்றால் இதயம் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்.

கிளைகளில் வெறும் காம்புகள்தான் நின்றன.

"பழமெல்லாம் எங்க அண்ணி?"

"நேத்தே பறிச்சு ஜாம் போட்டாச்சு. உனக்குன்னுதான் எடுத்து வச்சேன். உங்க அண்ணன் விட்டாத்தானே? பாட்டிலோட ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டார்."

"பழுத்தது மட்டும்தானே போட்டீங்க?"

"காயும் பாதிக்குப் பாதி போட்டேன். காய் சேர்ந்தாத்தான் ஜாம் இறுகும், எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க. ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது?"

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"நாக்குல வச்சுப் பார்த்தேன். ஒரே கசப்பு. அடி பிடிச்சிருச்சு போலன்னு இன்னும் ரெண்டு கை சக்கரை அள்ளிப் போட்டேன்."

"வாயைக் கொப்பளிங்க அண்ணி. டாக்டர்கிட்ட போகணும். அது களா இல்ல."

அண்ணியின் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

இவள் அண்ணனைப் போனில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். கடைசியில் யாரோ எடுத்தார்கள்.

"தங்கச்சியா? உங்க அண்ணன் வாய் நிறைய ரொட்டி வச்சிருக்கார்மா, பேச முடியல. ஜாம் பிரமாதம்னு கையைக் காட்டறார். கொஞ்சம் கசக்குது, ஆனா அதுதான் ருசியே. இங்க பங்குக்கு அடிதடி."

அந்தக் குரலும் எதையோ மென்றுகொண்டிருந்தது.

"சாப்பிடாதீங்க" என்றாள்.

"என்னம்மா? சத்தமாப் பேசுங்க, ஒரே இரைச்சல்."

"சாப்பிடாதீங்க."

பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் வந்தது. அதன் நடுவே, கண்ணாடி பாட்டிலின் அடிவரை போய் வழித்தெடுக்கும் ஒரு கரண்டியின் சத்தம்.