போன வருடத்துப் பெட்டி

விடிந்தும் விடியாத நேரத்தில் பந்தய மைதானத்து வேலிக் கம்பியில் ஒரு கையை ஊன்றி, மறு கையில் ஸ்டாப் வாட்சுடன் நிற்பார் நிபுணர். குதிரைகள் பயிற்சி ஓட்டம் ஓடும். ஒவ்வொன்றும் கடைசி அறுநூறு மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறது என்று சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு லாயத்துப் பக்கம் போய், தீனி ஒழுங்காக எடுக்கிறதா, காலில் வீக்கம் ஏதாவது உண்டா என்று குதிரைகளைப் பார்த்துக்கொள்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். அவர்கள் மறைக்க வேண்டியதை மறைத்து, சொல்ல நினைத்ததை மட்டும் சொல்வார்கள். அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டு எட்டு மணிக்கு வீடு திரும்புவார்.

பத்திரிகையில் அவர் பெயர் வராது. ‘நமது பந்தய நிபுணர்’ என்றுதான் போடுவார்கள். இருபத்திரண்டு வருடங்களாக அப்படிப் போட்டுப் போட்டு, அலுவலகத்திலும் தெருவிலும் சொந்தபந்தத்திலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வீட்டில் மனைவியும், கோபம் வந்தால் மட்டும், “நிபுணர் குளிச்சாச்சா?” என்று கேட்பாள்.

பெரிய பந்தயங்கள் வரும் வாரங்களில் ஒரு முழுப்பக்கம் அவருடையது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஒரு பத்தி எழுதுவார். ஈரத்தரையில் எந்தக் குதிரைக்கு மனசு வராது, எந்த ஜாக்கி கடைசித் திருப்பத்தில் அவசரப்படுவார் என்றெல்லாம் அனுபவித்து எழுதுவார். ஒன்றுமே தெரியாத பந்தயத்துக்கு, ‘இதில் எதிர்பாராத திருப்பத்துக்கு இடமுண்டு’ என்று எழுதி வைப்பார். என்ன நடந்தாலும் அது பொருந்தும். பக்கத்தின் மூலையில் ‘நமது தேர்வு’ என்று ஒரு பெட்டி. அதில் பந்தயத்துக்கு மூன்று எண்கள், முதலில் இருப்பது ஜெயிக்கப்போகும் குதிரை. அவ்வளவுதான் அவர் வேலை.

அவர் மட்டும் ஒருநாளும் ஒரு குதிரை மீதும் பணம் கட்டியதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், மருந்துக்கடைக்காரர் எல்லா மாத்திரையையுமா விழுங்குகிறார் என்று சிரித்து மழுப்புவார். கேட்டவரும் சிரித்துவிட்டுப் போவார். அந்தச் சிரிப்பில் எவ்வளவு பெரிய விஷயம் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று கேட்டவரும் யோசித்ததில்லை, நிபுணரும் யோசித்ததில்லை.

வருடத்தின் மிகப் பெரிய பந்தயத் தொடர் இரண்டு சனிக்கிழமைகளில் நடக்கும். முதல் சனிக்கிழமை எட்டுப் பந்தயங்கள். அடுத்த சனிக்கிழமை பெருங்கோப்பை. இந்த வருடம் முதல் சனிக்கிழமை காலையில் டீயை உறிஞ்சிக்கொண்டே பேப்பரைப் பிரித்த நிபுணருக்குப் புரையேறிவிட்டது. பத்திகள் எல்லாம் அவர் எழுதியபடியே இருந்தன. பெட்டியில் இருந்த எண்கள் அவருடையவை இல்லை. முதல் பந்தயத்துக்கு அவர் இரண்டு என்று எழுதிக்கொடுத்திருந்தார், அங்கே ஏழு இருந்தது. நாலாவது பந்தயத்தில் ஓடப்போவதே ஒன்பது குதிரைகள். பெட்டியோ பதினொன்றாம் எண் ஜெயிக்கும் என்றது.

அலுவலகத்தில் பக்கம் போடும் பெண்ணுக்கு உடனே போன் போட்டார். பக்கம் போடுகிறவர்கள் வெற்றுப் பக்கத்தில் தொடங்குவதே இல்லை. போன வருடம் இதே நாளுக்குப் போட்ட பக்கத்தைக் கணினியில் திறந்து, பழையதை அழித்து அழித்துப் புதியதை நிரப்பிக்கொண்டு போவார்கள். அவளும் அப்படித்தான் செய்திருக்கிறாள். எட்டுப் பத்திகளையும் மாற்றியவள் பெட்டியை மாற்ற மறந்துவிட்டாள்.

“சார், பெட்டி மட்டும் போன வருஷத்துது அப்படியே நின்னுடுச்சு,” என்றாள். குரல் கம்மியிருந்தது. “முதலாளிகிட்ட நானே சொல்லிடட்டுமா?”

நிபுணருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அவளுடைய வேலை போய்விடுமே என்று நினைத்து, சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம், இப்போது வாயைத் திறக்காதே என்றார்.

சாயந்திரத்துக்குள் உலகமே மாறிவிட்டது. முதல் பந்தயத்தில் ஏழு ஜெயித்தது. இரண்டாவதில் பெட்டியின் எண், மூன்றாவதிலும் அதே கதை. எட்டில் நான்கு பந்தயங்களைப் போன வருடத்துப் பெட்டி சரியாகச் சொல்லிவிட்டது. நாலாவது பந்தயத்தை வாசகர்களே பெரிய மனசோடு சேர்த்துக்கொண்டார்கள். பதினொன்று என்றால் ஒன்றாம் எண்ணை இரண்டு தடவை அழுத்திச் சொல்கிறார் என்று அவர்களே அர்த்தம் பண்ணிக்கொண்டு ஒன்றில் கட்ட, பாழாய்ப்போன அந்த ஒன்றும் முதலில் வந்து நின்றது. ஆக எட்டுக்கு ஐந்து. இருபத்திரண்டு வருடங்களில் நிபுணர் எட்டுக்கு மூன்றைத் தாண்டியதே இல்லை.

பத்தியில் ஒரு குதிரையும் பெட்டியில் வேறொரு குதிரையும் இருந்ததை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அவருடைய அழகான பத்திகளை ஒருவரும் படிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அது கொஞ்சம் வலித்தது. ஆனால் அந்த வலியை உட்கார்ந்து அனுபவிக்க யாரும் விடவில்லை. முதலாளி கேக் வாங்கி வெட்டினார். காய்கறிக் கடைக்காரர் தக்காளிக்குக் காசு வாங்க மறுத்தார். மனைவி அந்தப் பக்கத்தை வெட்டி, கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினாள். பக்கம் போடும் பெண் மட்டும் அவரைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வாள். இவரும் குனிந்துகொள்வார். ஆனால் மூன்று நாள் கழித்து இவருக்கு நிமிர்ந்து நடக்கப் பழகிவிட்டது. பாராட்டு என்பது அப்படிப்பட்ட சரக்கு. நமக்கு உரியது இல்லை என்று தெரிந்தாலும் கையை நீட்டச் சொல்லும்.

புதன்கிழமை மதியம் மைத்துனன் வந்தான், அதாவது மனைவியின் தம்பி. பதினான்கு வருடங்களாக ஒரு பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. கடையையும் அடுப்பையும் இவனுக்கே கொடுத்துவிட்டு ஓய்வெடுக்க முடிவு செய்திருந்தார். இவனுடைய மொத்தச் சேமிப்பும் அதற்குச் சரியாக இருந்தது. வரும் திங்கள்கிழமை பணத்தைக் கொடுத்தால் சாவி கைக்கு வந்துவிடும். இதெல்லாம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சந்தோஷம்தான். ஆனால் மைத்துனன் இப்போது வேறொரு சந்தோஷத்தோடு வந்திருந்தான்.

“மாமா, சனிக்கிழமை கோப்பைக்கு எந்த நம்பர்னு மட்டும் சொல்லுங்க. மொத்தத்தையும் அதுல வெச்சுடறேன். மெயின் ரோட்டுல ரெண்டு அடுப்பு இருக்கற கடை ஒண்ணு வருது. இதை எடுக்கறதுக்கு அதையே எடுத்துடலாம்.”

பந்தயம் என்றால் அப்படியும் இருக்கும் இப்படியும் இருக்கும் என்று நிபுணர் இழுத்தார். பெரிய வித்தைக்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்று மைத்துனன் எடுத்துக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த பக்கத்தைக் காட்டி, ஊருக்கெல்லாம் சொல்கிறவர் சொந்த மைத்துனனுக்குச் சொல்லமாட்டாரா என்று மனைவியும் கூடச் சேர்ந்துகொண்டாள். உண்மை நிபுணரின் தொண்டை வரை வந்தது. கண்ணாடிக்குள் இருந்த பக்கத்தைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விட்டது. சனிக்கிழமை காலைப் பேப்பரில் வரும், பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார். கோழைத்தனம் என்று அவருக்கே தெரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல மைதானத்து வேலியருகே நின்றார். கோப்பைக்கு ஓடப்போகும் குதிரைகள் ஒவ்வொன்றாக வந்தன. எந்தக் குதிரை மேல் அந்த ரொட்டி அடுப்பைத் தூக்கி வைக்கலாம் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்துப் பார்த்தார். கறுப்புக் குதிரை நன்றாக ஓடியது. ஆனால் அடுப்பை வைக்கும் அளவுக்கா? செம்பட்டைக் குதிரை அதைவிட அரை விநாடி வேகம். ஆனால் சனிக்கிழமை மழை வந்தால்? ஜாக்கிக்கு ராத்திரி வயிற்றுவலி வந்தால்? பெயர் தெரியாத எவனோ ஒருவன் கட்டுகிறான் என்றால் அவர் பேனா சரசரவென்று ஓடும். மைத்துனன் கட்டுகிறான் என்றதும் கை எழவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் ஓர் அடுப்போ வண்டியோ மகளின் படிப்போ இருந்திருக்குமே என்று தோன்றியபோது, அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்குப் போகவில்லை. போன வாரம் தன் கைப்பட எண்களை எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது. வழியில் டீக்கடையில் போன சனிக்கிழமைப் பேப்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேக்கரிக்கு நடந்தார்.

மைத்துனன் முழங்கை வரை மாவோடு நின்றிருந்தான். அடுப்புக்குள் முப்பது ரொட்டிகள் வெந்துகொண்டிருந்தன. நிபுணர் தாளையும் பேப்பரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மைத்துனன் நம்பவில்லை. தோற்றுவிட்டால் பழி வருமே என்று பயந்து கதை கட்டுகிறார் என்று நினைத்தான். நிபுணர் பக்கம் போடும் பெண்ணுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். ஆமாம், அது போன வருடத்துப் பெட்டிதான், தப்பு தன்னுடையதுதான் என்று அவள் சொன்னாள். ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைத்த நிம்மதி அவள் குரலில் தெரிந்தது.

மைத்துனன் தாளை எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

“நீங்க எழுதினதுல எத்தனை ஜெயிச்சுது?”

“ஒண்ணு.”

“ஒண்ணேதானா?”

“அதுவும் எல்லாரும் ஜெயிக்கும்னு சொன்ன குதிரை.”

மைத்துனனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சட்டென்று திரும்பி அடுப்பைத் திறந்தான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உள்ளே எட்டியும் பார்க்கவில்லை. நீளக் கட்டையை உள்ளே விட்டு ரொட்டிகளை இழுத்தான். முப்பதும் ஒரே நிறத்தில் பொன்னாக வெந்திருந்தன.

“எப்படித் தெரிஞ்சுது, வெந்துடுச்சுன்னு?” என்று கேட்டார் நிபுணர்.

“வாசனை மாறும் மாமா. பதினாலு வருஷமா நின்னுட்டிருக்கேனே.”

“நான் இருபத்திரண்டு வருஷமா நிக்கறேன்டா. சனிக்கிழமை எது ஜெயிக்கும்னு எனக்குத் தெரியாது. லாயத்துல இருக்கறவனுக்கும் தெரியாது. நான் எதுலயாவது கட்டி நீ பாத்திருக்கியா? தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டேனா? உனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரே விஷயம் இந்த அடுப்பு. எனக்கே தெரியாத ஒண்ணை நம்பி இதை விட்டுடாதே.”

மைத்துனன் சூடான ரொட்டி ஒன்றைப் பிய்த்துப் பாதியை அவரிடம் நீட்டினான். இருவரும் நின்றபடியே தின்றார்கள். முந்தின நாள் மதியத்திலிருந்து ருசியில்லாமல் தின்றுகொண்டிருந்த நிபுணருக்கு அது அமிர்தமாக இருந்தது.

அங்கிருந்து அலுவலகம் போய் முதலாளியிடமும் சொன்னார். தப்பு இருவருடையதும்தான், நானும் மறைத்தேன் என்றார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெட்டிய கேக்கை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. கடைசியில் சனிக்கிழமைப் பக்கத்தின் அடியில் ஒரு திருத்தம் போடச் சம்மதித்தார். பெட்டிக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்க்க வேண்டும் என்று நிபுணர் பிடிவாதம் பிடித்தார். ‘இதை எழுதுபவர் பந்தயத்தில் பணம் கட்டுவதில்லை. நீங்களும் கட்டாதீர்கள்.’ இரண்டாவது வரியை முதலாளி அடித்துவிட்டார். முதல் வரி பத்திரிகையின் நேர்மைக்கு நல்ல விளம்பரம் என்று விட்டுவைத்தார். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும் என்று நிபுணரும் விட்டுக்கொடுத்தார். பக்கம் போடும் பெண்ணுக்கு வேலை போகவில்லை. வீட்டுச் சுவரில் மட்டும் ஓர் ஆணி மிச்சமானது.

சனிக்கிழமை பெருங்கோப்பை ஓடியது. வேலை என்றால் எழுதித்தானே ஆகவேண்டும், நிபுணர் செம்பட்டைக் குதிரையை முதலில் எழுதியிருந்தார். விதியின் குறும்பைப் பாருங்கள், அதுவே ஜெயித்துத் தொலைத்தது. அதுவும் ஒரு ரூபாய்க்கு ஆறு ரூபாய். அவருக்கு மைத்துனன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலை பிடித்துக்கொண்டது. மனைவி இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நிபுணர் குளிச்சாச்சா என்றுகூடக் கேட்கவில்லை.

திங்கள்கிழமை சாவி கைமாறியது. நிபுணரும் மனைவியும் பேக்கரிக்குப் போனபோது, மைத்துனன் தன் சொந்த அடுப்பின் முன்னால் முதல் மாவைப் பிசைந்துகொண்டிருந்தான். இனி அவன் எழுந்து வந்தால்தான் கடை திறக்கும், அவன் சொன்னால்தான் மூடும். அந்தப் பெருமையில் முகம் பளபளவென்று இருந்தது. மனைவிக்கோ மனசு ஆறவில்லை.

“உங்க மாமா எழுதின குதிரைதான்டா வந்துச்சு. போட்டிருந்தா இந்நேரம் ரெண்டு அடுப்பு இல்ல, ஆறு அடுப்பு.”

நிபுணர் தரையைப் பார்த்தார். மைத்துனன் மாவிலிருந்து கையை எடுக்காமலே சிரித்தான்.

“நானும் பாத்தேன்கா. ரெண்டு நாள் தூக்கம் வரலைதான். அப்புறம் யோசிச்சேன். அன்னைக்கு ஜெயிச்சிருந்தேன்னு வெச்சுக்கோ, அடுத்த வருஷக் கோப்பை வரைக்கும்கூட நான் காத்திருந்திருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமையே ஆறு அடுப்பையும் கொண்டுபோய்க் கட்டியிருப்பேன். மாமா வந்து தடுத்தாலும் கேட்டிருக்க மாட்டேன். தோத்தவனுக்காவது ஒரு நாள் புத்தி வரும். பந்தயத்துல மனுஷன் நல்லா மாட்டிக்கறதே ஜெயிக்கற அன்னைக்குத்தான்கா.”