எதிர் லேனில் காளீஸ்வரன்

விருதுநகரில் நடந்த மொபைல் கேம் போட்டியின் இறுதிச் சுற்றில் ஓவியாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தவன் காளீஸ்வரன். போன வருஷம்வரை அவள் அணியில் இருந்தவன். சிவகாசியில் அவன் வீட்டு அச்சகத்து மாடியில்தான் இருவரும் சேர்ந்து ஆடிப் பழகினார்கள்.

அணிக்கு ஐந்து பேர். லேன் எனப்படும் மூன்று பாதைகளில் பிரிந்து நின்று, எதிரியின் டவர்களை முதலில் இடித்து முடிப்பவர்களுக்கு வெற்றி. மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிக்க வேண்டும். காளீஸ்வரன் எப்போதும் தேர்ந்தெடுத்து ஆடும் ஹீரோ ஆரம்பத்தில் நோஞ்சான். வளரவிட்டால் யாராலும் நிறுத்த முடியாது. அதனால் ஓவியா தொடக்கத்திலேயே பலமுள்ள ஒரு ஹீரோவை எடுத்தாள். அவளுக்கு இன்னொன்றும் தெரியும். ஆட்டத்தில் முதலிலேயே ஒருமுறை செத்துவிட்டால் அவனுக்குக் கை நடுங்கும். யாரிடமும் சொல்லாததை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

முதல் ஆட்டம் தொடங்கியதுமே அவன் மேல் பாய்ந்தாள். விழுந்தான். உயிர் பெற்று மீண்டு வந்தவனை மறுபடியும் வீழ்த்தினாள். சீக்கிரமே ஆட்டம் முடிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு விரல்களை நீவிக்கொண்டிருந்தான். ஓவியாவுக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் அவள் கை தானாகப் பின்வாங்கியது. அடிக்க வாய்ப்பிருந்தும் அடிக்கவில்லை. காளீஸ்வரன் நிதானமாக வளர்ந்து, கடைசியில் அவள் அணியின் ஐந்து பேரையும் வீழ்த்தி ஆட்டத்தை ஜெயித்தான்.

"ஏட்டி, அவனப் பாத்து நீ பாவப்பட்டா நாங்க நாலு பேரும் எங்கன போறது?" என்று எரிந்து விழுந்தான் அவள் அணியின் எழில்.

மூன்றாவது ஆட்டத்தில் காளீஸ்வரனுக்குக் காவலாக அவன் அணியில் இன்னொருவனும் அதே லேனுக்கு வந்தான்.

"நாங்களும் அங்கன வந்துருதோம், சேந்து அடிப்போம்" என்றான் எழில்.

ஓவியா ஒரு கணம் யோசித்தாள். இங்கே இரண்டு பேர் என்றால் வேறெங்கோ அவர்களுக்கு ஒரு ஆள் குறைகிறது.

"வராதீகலே. இவனுக ரெண்டு பேரையும் நான் நகர விடமாட்டேன். நீங்க மத்த டவரெல்லாம் இடிங்க."

முன்னேறினாள், அடித்தாள், அவர்கள் திருப்பித் தாக்குமுன் விலகினாள். இடத்தை விட்டுப் போனால் தங்கள் டவர் போய்விடும் என்பதால் இருவரும் அங்கேயே முடங்கினார்கள். மற்ற லேன்களில் டவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மிச்சமிருந்ததைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் காளீஸ்வரன் டவரை விட்டுத் தனியே வெளியே வந்தான். ஓவியா தயங்கவில்லை. அவன் விழுந்ததும் தடுக்க ஆளில்லாமல் கடைசி டவரும் சரிந்தது; ஓவியாவின் அணி ஜெயித்தது.

எல்லோரும் கலைந்துகொண்டிருந்தபோது அவன் அவளிடம் வந்தான்.

"நான் சொன்னத வச்சுத்தான மொத ஆட்டத்துல அடிச்ச?"

"ஆமா."

"அது பரவால்ல. ஆட்டம்னா அப்பிடித்தான். ரெண்டாவதுல எதுக்கு விட்டுக்குடுத்த? அதுதான் எனக்கு அசிங்கமாப் போச்சு."

இரக்கம் அவனுக்கு இப்படிப் பட்டிருக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. "தப்புத்தான்" என்றாள் மெதுவாக. "கை இன்னும் நடுங்குதா?"

அவன் கையை நீட்டிக் காட்டினான். லேசாக நடுங்கியது.

"ஞாயித்துக்கிழம மாடிக்கு வா. ஆரம்பத்துலருந்தே போட்டு அடி. செத்துச் செத்துத்தான் இது பழகணும்."

"அளுதுறக் கூடாது" என்றாள் ஓவியா.

"அளுதாலும் விடாத" என்றான் அவன்.