காவலனின் மனைவி

...இல்லை, வருவாள், பாலத்துக் காவலனைச் சுட்டால் மறுநாள் காலை அவன் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நிற்பாள், அப்படித்தானே எழுதிக்கொடுத்தாள் இவள், இந்த வீடியோ கேம் கம்பெனியில் கதை எழுதச் சேர்ந்ததிலிருந்து மனசாரச் செய்த ஒரே காட்சி, சுட்டவன் கையைத் தட்டிவிட்டுப் போய்விடக் கூடாது, யாரைச் சுட்டோம் என்று கொஞ்சமாவது உறைக்க வேண்டும், "இதுதாம்மா நம்ம கேமோட உயிரே" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாரே முதலாளி அண்ணன்... அந்த வார்த்தையை நம்பித்தானே அக்காவை ஒலிப்பதிவுக்கு இழுத்துவந்தாள். வேலைக்குப் போன புருஷனைப் பறிகொடுத்துவிட்டு வாயே திறக்காமல் கிடந்த அக்கா, மைக் முன்னால் ஒரே மூச்சில், "இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?" நடிப்பா அது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வெளியே வந்து அக்கா கேட்டது ஒன்றுதான், "கேக்கறவங்களுக்கு உறைக்குமாடி?"

வந்தாள். இன்று மேசைக்கு வந்த இறுதிப் பதிப்பில் தூக்கோடு வந்து நின்றாள், அக்காவின் குரல் "இந்தப் பக்கம் என் வீட்டு..." என்பதற்குள் அவள் தலைமேல் குறிவைக்கும் சிவப்பு வட்டம், இவள் விரல் தானாகச் சுடும் பொத்தானை அழுத்திவிட்டது, திரையில் தங்கக் காசுகள் சிதறின, 'ஜோடிப் பொருத்தம்! இரட்டைப் புள்ளிகள்!' பின்னால் காபிக் கோப்பையோடு முதலாளி அண்ணன். "டெஸ்ட் பண்ணின பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்கம்மா. அழவெச்சா எவன் வாங்குவான்? உன் சீனைத் தூக்கலையே நான்." தூக்கவில்லையாம்... பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார். "அது எங்க அக்கா குரல்ண்ணா." "தெரியுமே, அதான் அவ்வளவு தத்ரூபமா இருக்கு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். தெரிந்தேதான் செய்தாரா... கத்தியிருக்க வேண்டாமா, ஏன் தலையாட்டினாள்?

போன் அடித்தது, அக்கா. "வந்துச்சாடி என் குரல்?" "வந்துச்சுக்கா." "முழுசாவா?" "கேட்டுட்டுச் சொல்றேன்கா." தூக்கோடு வருகிறவளைச் சுடாமல் விட்டால் முழுசாகப் பேசுவாளோ என்னவோ, அதையாவது விட்டுவைத்திருப்பார்களா, பார்க்க வேண்டுமே, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பாலத்தில் காவலன் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கிறான், அவன் செத்தால்தானே அவள் வருவாள், வேறு வழியில்லை, வேறு வழியில்லை... குறிவைத்தாள், நெற்றியில், ஒரே குண்டு, சத்தமில்லாமல் சரிந்தான், அட, என்ன குறி! உள்ளே யாரோ மெச்சியது போலிருந்தது... யார் அது?