திரும்புப்புள்ளி

இடுப்பு எலும்பை மாற்றிக்கொள்கிறவர்கள் இனி எங்கெங்கே நடப்பார்கள் என்பதை எங்கள் பட்டறையில்தான் வரைகிறோம். உள்ளே வைக்கப்போகும் உலோகத் தண்டின் மேல், வழி வெட்டிய தகட்டைச் சுற்றி, பீங்கான் பொடியை நெருப்போடு சேர்த்துப் பீச்சுவோம். தகட்டை எடுத்தால் வழி பதிந்திருக்கும். ஆறு வாரத்தில் எலும்பு அந்தக் கோடுகளுக்குள் வளர்ந்து, வழியைப் படித்து முடித்துவிடும். பிறகு கால் அதன்படிதான் போகும். அதனால் நோயாளிகள் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு தங்கள் வழியையும் எழுதிக் கொடுக்கிறார்கள். கோயில், ரேஷன் கடை, மகள் வீடு. மனிதர்கள் அப்படியொன்றும் ஊர் சுற்றுவதில்லை.

வழியின் கடைசியில் கடுகளவு ஒரு புள்ளி உண்டு. அது திரும்புப்புள்ளி. அங்கே வந்ததும் கால் வீட்டுக்குத் திரும்பும். பீச்சுவதற்கு முன் தகட்டின் அந்தத் துளையை ஊசியால் குத்தி, வாயால் ஊதி, "வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருடமாக நான் சொல்லாமல் விட்டதில்லை.

சொந்தக்காரர்களின் தண்டைத் தொடக் கூடாது என்பது பட்டறை விதி. ஆனாலும் என் கணவர் கொம்பையாவின் தண்டை நான்தான் கேட்டு வாங்கினேன். இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதியிருந்தது பால் பூத் வரைக்கும் ஒரே கோடு. மனிதர் உளுந்த வடைக்கு உயிரை விடுவார், வெட்கப்பட்டு எழுதவில்லை. நானே வடைக் கடைப் பக்கம் ஒரு வளைவு வெட்டிச் சேர்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஊசியை எடுக்கவே இல்லை.

அறுவை முடிந்து நான்காம் நாள் தகட்டைக் கழுவும்போதுதான் பார்த்தேன். துளையைப் பழைய பொடி அடைத்திருந்தது. அவர் தண்டில் புள்ளி விழுந்திருக்காது.

மேற்பார்வையாளர் பெர்னாண்டோ சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊர் வரைபடத்தை விரித்து, பால் பூத்திலிருந்து கிழக்கே ஸ்கேலை வைத்தார். ஸ்கேல் கடலில் இறங்கியது.

"தண்டை எடுத்து மாத்திரலாமா சார்?"

"எலும்பு படிக்க ஆரம்பிச்சிருக்கும். பாதியில பிடுங்குனா கால் நடுரோட்டுல நின்னுரும். பயப்படாதீங்க பிரமுக்கா, கடல் ஒதுங்கிக் கொடுக்கும். முங்குன கேஸ் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல."

"திரும்பி வந்த கேஸ்?"

அவர் ஸ்கேலைத் துடைத்து மேசைக்குள் வைத்தார். "ஒதுங்குன கடலுக்கும் தங்க ஒரு இடம் வேணும்லா. அத வீட்டுக்காரங்கதான் பாத்துக்கணும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

போட்டேன்.

எலும்பு மெதுவாக வளரட்டும் என்று பாலில் தண்ணீரைக் கூட்டினேன். "ஏளா, இது பாலா கழனித் தண்ணியா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதியம் அவர் கண்ணயரும்போது இடுப்பில் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே எலும்பு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும். முதல் வாரம் எங்கள் தெருவில் இருந்தது. நான்காம் வாரம் வடைக் கடையில். ஆறாம் வாரக் கடைசியில் பால் பூத் என்று படித்தது, அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை அவர் தூக்குச்சட்டியை எடுத்தார். எங்கள் வீட்டில் யார் வெளியே கிளம்பினாலும் "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"போறேன்" என்றார்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கால் எங்கள் இருவரையும் இழுத்தது. வடைக் கடையில் வளைந்து நின்றோம். "இது நான் எழுதலியே" என்று என்னைப் பார்த்தார். இரண்டு வடை தின்று கையைத் துடைத்தார். பால் பூத்தில் சட்டியை நிரப்பி என்னிடம் கொடுத்தார்.

"வெயில்ல திரிஞ்சிரும். நீ போ."

கடல் ஏற்கெனவே ஒதுங்கியிருந்தது. ஈர மணலில் அவர் நேராக நடந்தார். புள்ளி இல்லாதவர்களால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. அவர் கடுகளவு ஆகும்வரை நின்றேன். பிறகு அதுவும் தெரியவில்லை. என்னால் வந்த வினை.

வீட்டு வாசற்படி ஈரமாக இருந்தது. அவர் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி கடல் ஒருக்களித்துப் படுத்திருந்தது. போர்வை அதற்கு எட்டவில்லை. இன்னொன்றை எடுத்துப் போர்த்திவிட்டு, தண்ணீர் கலக்காமல் பாலை அடுப்பில் வைத்தேன்.