சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில்

புதுச்சேரியில் எங்கள் மருத்துவமனையின் ஏசி, லிஃப்ட், மருந்துக் குளிரறை எல்லாவற்றையும் ஒரே கணினியில் இயக்குகிறோம். அந்த அறைக்கு விரல்ரேகைப் பூட்டு, வாசலில் கேமரா. உள்ளே கணினியின் நெற்றியில் மட்டும் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி ஒட்டியிருந்தோம். ஷிஃப்டுக்கு ஒருத்தர் மறந்து தொலைத்தால் என்ன செய்வது? எல்லோரும் எங்களோடு வேலை செய்யும் கார்குழலியின் பெயரில்தான் உள்ளே போவோம்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு யாரோ குளிரறையை ஐந்து டிகிரியிலிருந்து இருபத்தைந்துக்கு ஏற்றிவிட்டார்கள். மருந்தகத்துப் பெண் உடனே கவனித்ததால் தடுப்பூசிகள் பிழைத்தன. கணினியின் பதிவில் மாற்றியவர் கார்குழலி என்றிருந்தது. அந்த நேரம் அவள் என்னோடு மொட்டைமாடியில் பம்ப்புக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் அலெக்சாண்டர் வேலைநீக்கக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“நான் தொடவே இல்ல சார். ஸ்டெல்லா அக்காவ கேளுங்க,” என்று என்னைக் காட்டி அழுதாள் கார்குழலி. முத்தியால்பேட்டை வீட்டில் நான்கு பேர் அவளை நம்பித்தான் இருக்கிறார்கள்.

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா,” என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதிவை வாங்கி முழுசாகப் படித்தேன். இணையம் வழியாக, வெளியிலிருந்து யாரோ நுழைந்திருந்தார்கள். வெளியாளுக்குப் பாஸ்வேர்ட் எப்படித் தெரியும்? யோசித்ததும் என் போனைத் திறந்து பழைய படங்களைத் தேடினேன்.

போன வாரம் ஆயுத பூஜை. நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனால் அந்தப் பொரிகடலையை விட மனசு வராது. கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, கார்குழலியைப் பக்கத்தில் நிறுத்தி நான்தான் படம் எடுத்தேன். சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சீட்டும், திரையில் உள்ளே நுழையும் இணைய முகவரியும் பளிச்சென்று விழுந்திருந்தன.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு போனை நீட்டினேன். “தப்பு எம்மேல சார். இதுல பாஸ்வேர்ட் தெரியுது பாருங்க.”

அவர் பெரிதாக்கிப் பார்த்தார். “அறிவிருக்கா? இத யார் யாருக்கு அனுப்பின?”

“ஒருத்தருக்குத்தான் சார்.”

“யாருக்கு?”

“ஒங்களுக்குத்தான். ஆஸ்பத்திரி ஃபேஸ்புக்ல போடணும்னு கேட்டீங்களே.”

அவர் தன் போனைத் திறந்தார். படம் இன்னும் அங்கேயே இருந்தது. அறுநூறு லைக். மேலே ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் பூஜை’ என்று அவரே எழுதியிருந்தார். அதை அழித்தார்.

கார்குழலி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். அவர் தடுக்கவில்லை.