கழுதைத் தட்டு

கண்ணகை மறுபடியும் எழுந்துவிட்டாள். புருஷனின் தலைமாட்டில் இருக்கவேண்டியவள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய் வீதியைப் பார்ப்பதும், வந்து குந்துவதும், குந்திய சூடு ஆறுமுன் எழும்புவதுமாக இருந்தால் சனம் சும்மா இருக்குமா? சுற்றியிருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்தாமலே கண்ணால் பேசிக்கொண்டார்கள்.

"ஆரைக்கா பாத்துக்கொண்டிரிக்காய்?" ஒருத்தி கேட்டே விட்டாள்.

"ஹமீட் நானாவை."

ஒப்பாரி சற்று இடறித்தான் தொடர்ந்தது. காத்தான்குடிப் புடவைக்கடை ஹமீட் இந்தச் செட்டிபாளையத்து வீட்டுக்கு வந்து எவ்வளவோ காலம். பெட்டியில் கிடக்கும் நல்லரத்தினம் கிற்றார் அடிக்க, ஹமீட் ட்றம் அடிக்க, அந்தக் கூட்டம் இல்லாமல் கலியாணவீடு களைகட்டாத நாட்கள் இருந்தன. பிறகு தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் நடந்தவை நடந்தன. ஹமீட் ஹஜ்ஜுக்குப் போய்வந்து ட்றம்மை விட்டார். நல்லரத்தினம் கூட்டுறவுச் சங்கக்கடைக் காசாளர் ஆனார். கிற்றாரை மட்டும் விடவில்லை.

எல்லாம் ஒரு இசைத்தட்டால் வந்த வினை. எப்போதோ கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. அமெரிக்கப் பருத்திக் காட்டில் கறுப்பினத்துக் கூலிக்காரர் அழுத அழுகையைத் தலைமயிர் வளர்த்த நாலு வெள்ளைக்காரப் பொடியன்கள் மின்சாரத்தில் போட்டு அலறவைத்திருந்தார்கள். பெயர் யாருடைய வாயிலும் நுழையவில்லை. உறையில் ஒரு கழுதை நின்றதால் ஊரில் அது கழுதைத் தட்டு. அதைக் கேட்டுத்தான் நல்லரத்தினம் பழகினார். அவரிடம் பாதி ஊர்ப் பொடியன்கள் பழகினார்கள். கோயில் திருவிழாவுக்கு வந்த பாட்டுக் கோஷ்டிகூட அம்மன் பாட்டுக்கு நடுவில் அந்தக் கிற்றாரை அழவிட்டது. அம்மனும் ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணகைக்குத்தான் அது ஆகாது. சுனாமி வீட்டோடு தட்டையும் கிற்றாரையும் கொண்டுபோனபோது, சனமெல்லாம் பிள்ளைகளைத் தேடிய கடற்கரையில் இந்த மனுசன் இசைத்தட்டைத் தேடித் திரிந்தது. வெட்கத்தில் ஒரு மாதம் அவள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. நிவாரணத்துக்கு வந்தவர்கள், மீனை ரொட்டியோடு மட்டும் பார்த்திருந்த அந்தக் காசாளருக்கும் ஒரு வலை கொடுத்தார்கள். அதைக் கொடுத்துப் பழைய கிற்றார் ஒன்று வாங்கிவந்தார்.

இவ்வளவும் செய்த மனுசன் ஆஸ்பத்திரியில், நேற்று, மூச்சு வாங்கிக்கொண்டே ஒன்றைத்தான் கேட்டார்: "ஹமீட்டுக்கிட்ட அந்தத் தட்டைப் பதிஞ்ச கசெற் இரிக்கி. பெட்டி தூக்கமுன்னம் ஒருக்காப் போடுகா."

அவர் அவளிடம் ஒன்றைக் கேட்டதே அதுதான். விடிந்ததும் ஹமீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தாள்.

"தங்கச்சி, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?" தமையன் வினாயகமூர்த்தி பின்னால் வந்து நின்றார். செத்தவீடுகளை நடத்துவதென்றால் அவருக்குத் தனி உற்சாகம். "பறைமேளத்துக்கே நான் வேணாமெண்டு சொல்லிப்போட்டன். வன்னியில சண்டை முடிஞ்சுதெண்டு சந்தியில வெடி கொளுத்துறானுகள், பாற்சோறு குடுக்கிறானுகள். இண்டைக்கு இந்த வீட்டில பாட்டுக் கேட்டா, இவளும் கொண்டாடுறாள் எண்டெல்லோ சனம் சொல்லும்?"

"செத்தவீட்டில ஆரண்ணே கொண்டாடுற?"

"சனத்துக்கு அதெல்லாம் கணக்கா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "முன்வீட்டு ஆச்சிப்பிள்ளையை நினைச்சுப் பார்."

அவள் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆச்சிப்பிள்ளையின் ஒரே மகன் தனோஜன் இயக்கத்தோடு வன்னியில். மாதக்கணக்காகச் செய்தி இல்லை. வெடிச்சத்தம் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. வாய்விட்டு அழவும் முடியாது. அழுதால் ஆருக்காக என்று கேட்க வீதி நிறையச் சீருடை.

ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஹமீட். கையில் பழைய கசெற் றேடியோ, புடவைக்கடைப் பையில் சுற்றி.

"செக்பொயின்ரில ஆமி மறிச்சிட்டானுகள் தங்கச்சி. என்ன கசெற் எண்டு கேட்டான், பாட்டு எண்டன். போட்டுக் காட்டு எண்டான். போட்டன். துவக்கோட நிண்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, அடுத்ததையும் போடு எண்டுறான்! எப்பிடி நான் வாற?"

சிரிக்கக்கூடாத இடத்தில் ஒருத்தி சிரித்து, அதை இருமலாக்கினாள். ஹமீட் பெட்டியருகே போனார். நண்பனின் இடதுகை விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார். கிற்றார்க் கம்பி அழுத்திய காய்ப்பு அப்படியே இருந்தது. பிறகு யாரையும் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தூக்குங்க, தூக்குங்க, நேரமாகுது," என்று வினாயகமூர்த்தி பறந்தார்.

ஹமீட் கொண்டுவந்த றேடியோவைக் கண்ணகை மடியில் வைத்திருந்தாள். விரல் பொத்தானுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. அப்போது பெண்கள் விலகினார்கள். ஆச்சிப்பிள்ளை வீதியைக் கடந்து உள்ளே வந்துகொண்டிருந்தாள். வந்து, கண்ணகைக்குப் பக்கத்தில் தொடையோடு தொடை படக் குந்தினாள். மடியில் இருந்ததைப் பார்த்தாள்.

"என்னகா, இன்னும் போடல்லியா?"

"உனக்கு... மனம் நோகுமெண்டு."

"உங்கட வீட்ட வந்து விரல் கிழியக் கிழிய என்ட பொடியன் பழகின பாட்டுகா. நிப்பாட்டடா எண்டு எத்தின தரம் ஏசியிரிக்கன்." அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "போடு. நல்லாச் சத்தமாப் போடு. வீதி வரைக்கும் கேக்கட்டும்."

வினாயகமூர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்ணகை பொத்தானை அழுத்திவிட்டாள்.

கிற்றார் முதலில் முனகியது, பிறகு எழும்பியது. கண்ணகை சத்தத்தை முழுவதும் கூட்டினாள். பாடுகிறவன் குரல் உடைந்து அலறும் இடத்தில் தட்டில் ஒரு கீறல். அதிலிருந்து பதிந்த கசெற்றிலும் அந்த அலறல் மூன்று தரம் வந்தது. இந்தக் கரையில் எல்லோரும் அதை மூன்று தரமாகத்தான் பழகியிருந்தார்கள். ஒருதரம்தான் என்று சொன்ன கொழும்புக்காரனைப் பாட்டுத் தெரியாதவன் என்று நல்லரத்தினம் அனுப்பிவைத்திருக்கிறார்.

முதல் அலறலில் ஆச்சிப்பிள்ளையின் வாய் திறந்தது. மூன்றாவதில் அவள் கண்ணகையின் தோளைப் பிடித்துக்கொண்டு மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கண்ணகைக்கே அது காதோரம்தான் கேட்டது. வேலிக்கு அப்பால் கேட்டது கிற்றார் மட்டும்தான். கண்ணகையும் அப்போதுதான் அழத் தொடங்கினாள்.

பாட்டு முடிந்தது. வெறும் நாடா இரைந்தது. சந்தியில் இன்னொரு வெடி. ஆச்சிப்பிள்ளை தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். முதுகு குலுங்குவது நிற்கவில்லை.

"சரி, முடிஞ்சுதுதானே," என்றார் வினாயகமூர்த்தி. ஆண்கள் குனிந்து பெட்டியைப் பிடித்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் கண்ணகை.

அவள் கசெற்றைப் பின்னால் ஓடவிட்டாள். நாடா கீச்சிட்டுக்கொண்டு திரும்பிச் சுற்றியது. அது நிற்கும்வரை ஆண்கள் பெட்டியிலிருந்து கையை எடுத்து, நிமிர்ந்து, முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.